ஒரே ஸ்கிரிப்ட், இரண்டு ஓட்டங்கள்: பொதுக் கிளஸ்டரில் மாட்யூல் ஏறும் வரிசை பற்றிய நிகழ்வு ஆய்வு

“சார், அண்ணாவுக்கு ஏழு மணி நேரத்தில் முடிகிற ஜாப், எனக்கு மூன்று முறையும் 24 மணி நேரம் ஓடி, முடியாமலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. ஸ்கிரிப்ட் அவர் கொடுத்ததுதான். ஓர் எழுத்துகூட நான் மாற்றவில்லை.” முதலாம் ஆண்டு ஆய்வு மாணவி ஒருவர் அனுப்பிய இந்த மின்னஞ்சல்தான் இங்கே விவரிக்கப்படும் நிகழ்வின் தொடக்கம். ஜாப் என்பது கிளஸ்டருக்கு அனுப்பும் ஒரு கணிப்பு வேலை. அதற்கான கட்டளைகளை எழுதிய கோப்புதான் ஸ்கிரிப்ட். அப்போது நான் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் பொதுக் கிளஸ்டரில் (பல கணினிகளை இணைத்து எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு) மென்பொருள்களை நிறுவிப் பராமரிக்கும் பொறுப்பில் இருந்தேன். அவர் ‘அண்ணா’ என்று குறிப்பிட்டவர் அதே ஆய்வகத்தில் நான்கு ஆண்டு மூத்த மாணவர். இருவரும் பாலிமர் உருகல் ஒன்றின் மூலக்கூறு இயக்கத்தை லாம்ப்ஸ் என்னும் நிரலைக் கொண்டு கணித்துவந்தார்கள். அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகத்தில் உருவான லாம்ப்ஸ், இத்துறையில் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் நிரல். ஒரு கணு (கிளஸ்டரில் உள்ள ஒரு கணினி), அதில் 48 கோர்கள் (தனித்தனியே கணிக்கும் செயலி அலகுகள்), 24 மணி நேர வரம்பு என்பவைதான் இருவருடைய ஜாப்களுக்கும் பொதுவான அளவுகள்.

பயனர் ஒருவர் “நான் எதையும் மாற்றவில்லை” என்று சொன்னால், எங்கோ ஒரு சிறு மாற்றம் நடந்திருக்கும் என்று எடுத்துக்கொள்வது எங்கள் வேலையில் பழகிப்போன எண்ணம். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு ஸ்கிரிப்டுகளையும் வரிக்கு வரி ஒப்பிட்டேன். வெளியீடு போய்ச் சேரும் அடைவின் பெயரைத் தவிர வேறு வித்தியாசமே இல்லை. அந்த மாணவி சொன்னது முழு உண்மை.

கணுவின் நிலையைப் பார்த்ததில் என் குழப்பம் கூடியது. நான்காவது முறையாக அவர் அனுப்பிய ஜாப் ஓடிக்கொண்டிருந்த கணுவுக்குள் நுழைந்து, ஓடும் நிரல்களைக் காட்டும் ‘டாப்’ கட்டளையைக் கொடுத்தபோது, 48 லாம்ப்ஸ் நிரல்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் தன் கோரை நூறு விழுக்காடு பயன்படுத்திக்கொண்டிருந்தது. எங்கள் கண்காணிப்புத் திரையில் அந்தக் கணு நாள் முழுவதும் பச்சையாகவே இருந்தது. வெப்பநிலை, நினைவகம், வட்டு, கணுக்களை இணைக்கும் வலைப்பின்னல் ஆகிய எதிலும் குறை தெரியவில்லை. வேறு கணுவுக்கு மாற்றி ஓடவிட்டும் பயனில்லை. இந்தத் தேடலில் ஒன்றரை நாள் போயிற்று.

அடுத்து, அதே ஸ்கிரிப்டை என் கணக்கிலிருந்து அனுப்பினேன். அதுவும் மாணவியின் ஜாப்பைப் போலவே மெதுவாக ஓடியது. அதுவரை “இந்த மாணவிக்கு ஏன் ஓடவில்லை” என்று கேட்டுக்கொண்டிருந்த நான், “மூத்த மாணவருக்கு மட்டும் ஏன் ஓடுகிறது” என்று கேட்க வேண்டியதாயிற்று. கேள்வி இப்படித் திரும்பிய பிறகுதான் வழி புலப்பட்டது.

பதிவுக் கோப்பில் ஒரு வரி

லாம்ப்ஸ் தொடங்கியவுடன், கணிக்க வேண்டிய பெட்டியை எத்தனை பகுதிகளாகப் பிரித்துக்கொண்டது என்பதைப் பதிவுக் கோப்பில் ஒரு வரியாக எழுதும். கனசதுரப் பெட்டியை 48 செயல்களுக்கு (ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பிரதிகளுக்கு) பங்கிட்டால், அந்த வரியில் ‘3 பை 4 பை 4’ என்று இருக்கும். மூத்த மாணவரின் கோப்பில் அப்படித்தான் இருந்தது. மாணவியின் கோப்பிலும் என் கோப்பிலும் ‘1 பை 1 பை 1’ என்று இருந்தது.

இந்த வரியின் பொருள், அங்கே ஓடிய 48 நிரல்களில் ஒவ்வொன்றும் தன்னைத் தவிர வேறு யாரும் இல்லை என்று எண்ணிக்கொண்டு, முழுப் பெட்டியையும் தனியாளாகக் கணித்துக்கொண்டிருந்தது என்பதே. ஒரு வயலை 48 பேர் பங்கிட்டு உழுவதற்கு மாறாக, ஒவ்வொருவரும் முழு வயலையும் தனித்தனியே உழுதது போன்றது இது. கோர்கள் அனைத்தும் நூறு விழுக்காடு உழைத்தது பொய்யில்லை. ஆனால் அந்த உழைப்பில் நாற்பத்தெட்டில் ஒரு பங்குதான் பயன்பட்டது. நிறுத்தப்பட்ட மூன்று ஜாப்களையும் சேர்த்தால் 3,456 கோர்-மணி நேரம். வரிசையில் காத்திருந்த பிற ஆய்வகங்களின் நேரமும் அதில் அடக்கம்.

இது ஏன் உடனே கண்ணில் படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வழக்கமாக இப்படி நடந்தால் திரை வெளியீட்டில் ஒவ்வொரு வரியும் 48 முறை வந்து விழும், யாரும் கவனித்துவிடுவார்கள். ஆனால் அந்த ஸ்கிரிப்டில் திரை வெளியீட்டை அடக்கும் விருப்பு (ஆப்ஷன்) கொடுக்கப்பட்டிருந்தது. பதிவுக் கோப்பையோ 48 நிரல்களும் ஒரே பெயரில் திறந்து, ஒரே விதை எண்ணிலிருந்து ஒரே கணக்கைப் போட்டு, ஒரே எழுத்துகளைக் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் எழுதிக்கொண்டிருந்ததால், அந்தக் கோப்பு ஒழுங்காகவே தெரிந்தது. மூலக்கூறுகளின் தடங்களைச் சேமிக்கும் கோப்பும் அப்படித்தான். எண்களில் பிழை தென்படாவிட்டாலும், ஒருவர் எழுத வேண்டிய கோப்பில் 48 பேர் கைவைத்திருந்ததால், அவற்றை ஆய்வுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று மாணவியிடம் சொன்னேன். ஒரு மாத உழைப்பின் முதல் பலனை அழிக்கச் சொல்வது எளிதாக இல்லை.

ஜாப்பைத் தொடங்கிவைப்பது யார்

செயல்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறுவதற்கு எம்.பி.ஐ. என்னும் பொது நெறிமுறை இருக்கிறது. அதைச் செயல்படுத்தும் நிரலகங்கள் (பிற நிரல்கள் பயன்படுத்திக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்புகள்) பல. எங்கள் கிளஸ்டரில் ஓப்பன் எம்.பி.ஐ., இன்டெல் எம்.பி.ஐ. ஆகிய இரண்டும் இருந்தன. ஒவ்வொன்றும் ‘எம்.பி.ஐ.ரன்’ என்ற ஒரே பெயரில் தன் தொடங்கியைக் கொண்டுவருகிறது. நிரலை எத்தனை பிரதிகள் தொடங்க வேண்டும், அவற்றில் யார் எத்தனையாவது ஆள் என்ற விவரங்களைப் பிள்ளைச் செயல்களுக்குச் சொல்லிவிடுவது இந்தத் தொடங்கியின் வேலை. இன்டெல் எம்.பி.ஐ.யோடு பிணைத்துக் கட்டிய நிரலை ஓப்பன் எம்.பி.ஐ.யின் தொடங்கியைக் கொண்டு தொடங்கினால், தொடங்கி சொல்லும் விவரத்தை நிரல் புரிந்துகொள்ளாது. புரியாதபோது அது நின்றுபோய்ப் பிழை சொல்வதும் இல்லை. தனியாகத் தொடங்கப்பட்டதாகக் கருதி, ‘நான் ஒருவனே’ என்று வேலையை ஆரம்பித்துவிடும். தனியாக ஓட்டிப் பார்க்க விரும்புவோருக்காக எம்.பி.ஐ. நிரலகங்களில் வைக்கப்பட்ட வசதி இது. இந்த நிகழ்வில் அந்த வசதியே பிழையை மறைத்துவிட்டது.

பொருந்தாத நிரலகத்தின் காரணமாகவாவது நிரல் நொறுங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். இன்டெல் எம்.பி.ஐ.யின் முதன்மை நிரலகக் கோப்பு 12 என்ற எண்ணோடு முடிகிறது. ஓப்பன் எம்.பி.ஐ. 4-ஆம் வரிசையின் கோப்பு 40 என்ற எண்ணோடு முடிகிறது. எம்பிச் (இன்னொரு எம்.பி.ஐ. நிரலகம்), இன்டெல் ஆகியவற்றின் நிரலகங்கள் ஒன்றுக்கு மற்றொன்று ஈடாக நிற்க வேண்டும் என்று 2013-இல் எடுக்கப்பட்ட பொது முயற்சியின் பயனாகவே அந்த 12 பொதுவாயிற்று. ஓப்பன் எம்.பி.ஐ. அந்தக் கூட்டத்துக்கு வெளியே இருக்கிறது. எனவே, நிரலகங்களைத் தேடும் பாதையில் எது முன்னால் இருந்தாலும், லாம்ப்ஸ் தனக்கு வேண்டிய 12-ஆம் எண் கோப்பைத் தேடிச் சரியாகவே பிடித்துக்கொண்டது. ஒரு நிரல் எந்த நிரலகங்களைப் பிடிக்கிறது என்று காட்டும் ‘எல்.டி.டி.’ கட்டளையைக் கொடுத்துப் பார்த்தபோது எல்லாம் செம்மையாகத் தெரிந்ததற்கு இதுவே காரணம். நிரலகம் சரி, நிரல் சரி. தொடங்கி மட்டுமே வேறு வீட்டுப் பிள்ளை.

மாட்யூல் செய்வது என்ன

வேறு வீட்டின் தொடங்கி எப்படி முன்னால் வந்து நின்றது என்பதைச் சொல்வதற்கு, கிளஸ்டரில் வேண்டிய மென்பொருளைத் தேர்ந்தெடுக்க உதவும் மாட்யூல் கட்டளையின் உள்வேலையைச் சற்று விரிவாகப் பார்த்தாக வேண்டும். பல ஆண்டுகள் கிளஸ்டரைப் பயன்படுத்தியவர்களில்கூடப் பலர், ‘மாட்யூல் லோட்’ என்றால் மென்பொருள் எங்கோ நிறுவப்படுகிறது என்றோ நினைவகத்தில் ஏறுகிறது என்றோ எண்ணுகிறார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை.

பல பதிப்புகளில் பல மென்பொருள்களை ஒரே கணினியில் வைத்து, ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளச் செய்யும் இந்த ஏற்பாட்டை, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் இருந்த ஜான் ஃபர்லானி 1991-இல் கணினி நிர்வாகிகளுக்கான லிசா மாநாட்டில் முன்வைத்தார். ஒவ்வொரு மென்பொருளுக்கும் டிக்கிள் மொழியில் ஒரு சிறு கோப்பு எழுதப்படும். கட்டளைகளைத் தேட வேண்டிய அடைவுகளின் பட்டியலான ‘பாத்’ மாறியின் முன்னால் இந்த அடைவைச் சேர், நிரலகப் பாதையின் முன்னால் அந்த அடைவைச் சேர், இன்ன மாறிக்கு இன்ன மதிப்பைக் கொடு என்பன போன்ற சில வரிகளே அதில் இருக்கும். மாட்யூலை ஏற்றுவது என்பது, நிரல்கள் தொடங்கும்போது பெற்றுக்கொள்ளும் இந்தச் சூழல் மாறிகளைத் திருத்துவது. இறக்குவது என்பது அந்தத் திருத்தங்களைத் திரும்பப் பெறுவது. இவ்வளவுதான்.

யூனிக்ஸில் ஒரு பிள்ளைச் செயல் தன் தாய்ச் செயலின் சூழலைத் திருத்த முடியாது. ஆகவே மாட்யூல் கட்டளை ஒரு தனி நிரலாக இருக்க இயலாது. அது ஷெல்லுக்குள்ளேயே (நாம் எழுதும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் நிரல்) வரையறுக்கப்பட்ட ஒரு செயற்கூறு. பின்னால் இருக்கும் உண்மையான நிரல், ஷெல் புரிந்துகொள்ளும் கட்டளை வரிகளை அச்சிட்டுத் தரும். அந்த வரிகளை ஷெல் வாங்கித் தானே நிறைவேற்றிக்கொள்ளும். இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் பல புதிர்கள் அவிழும். ஒருமுறை ஒரு பயனர், தாம் ஏற்றிய மாட்யூல்களைப் பற்றிய செய்திகளைக் கோப்பில் சேமிப்பதற்காக, ஏற்றும் கட்டளையை ஒரு குழாயின் வழியே ‘டீ’ கட்டளைக்கு அனுப்பியிருந்தார். குழாயில் இணைத்த கட்டளை ஒரு கிளை ஷெல்லில் ஓடும். மாட்யூல் அந்தக் கிளை ஷெல்லில் ஏறி, அதனோடே மறைந்துபோயிற்று. செய்தி மட்டும் கோப்பில் ஒழுங்காகப் பதிவாகியிருந்தது.

இனி வரிசைக்கு வருவோம். சேர்க்கும் அடைவு பெரும்பாலும் பாதையின் முன்னால்தான் சேர்க்கப்படும். ஷெல் ஒரு கட்டளையைப் பாதையின் இடமிருந்து தேடிக்கொண்டு போய், முதலில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளும். எனவே ஒரே பெயரில் இரண்டு கட்டளைகள் இருந்தால், கடைசியாக ஏறிய மாட்யூலின் கட்டளையே வெல்லும்.

இரண்டு ஏற்ற வரிசைகள்

அந்த ஸ்கிரிப்டில் மாட்யூல் தொடர்பான வரிகள் இரண்டே இரண்டு. முதல் வரி லாம்ப்ஸ் மாட்யூலைப் பதிப்பெண் இல்லாமல் ஏற்றியது. அடுத்தது, கணிப்பு முடிந்ததும் தடங்களைப் பகுத்தாய்வதற்கான பைத்தான் தொகுப்பை ஏற்றியது. லாம்ப்ஸின் மாட்யூல் கோப்பு, தன் தேவைக்காக இன்டெல் எம்.பி.ஐ.யைத் தானே ஏற்றிக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்தது. பகுத்தாய்வுத் தொகுப்பு ஓப்பன் எம்.பி.ஐ.யோடு கட்டப்பட்டது என்பதால், அதன் கோப்பு ஓப்பன் எம்.பி.ஐ.யை ஏற்றிக்கொள்ளும்.

மாணவியின் ஜாப்பில் நடந்தது இது: இன்டெல் எம்.பி.ஐ. ஏறியது, லாம்ப்ஸ் ஏறியது, பிறகு ஓப்பன் எம்.பி.ஐ. ஏறியது, கடைசியில் பகுத்தாய்வுத் தொகுப்பு ஏறியது. ‘எம்.பி.ஐ.ரன்’ என்று கூப்பிட்டதும் முன்னால் நின்ற ஓப்பன் எம்.பி.ஐ.யின் தொடங்கி வந்தது.

மூத்த மாணவரின் ஜாப் ஓடிக்கொண்டிருந்தபோது, அவருடைய அனுமதியோடு அதன் சூழலைப் பார்த்தேன். ஓடும் ஒவ்வொரு செயலும் எந்தச் சூழல் மாறிகளோடு தொடங்கப்பட்டது என்பதை லினக்ஸ் ‘ப்ராக்’ அடைவில் அந்தச் செயலின் எண்ணுக்குக் கீழே வைத்திருக்கிறது. ஏறிய மாட்யூல்களின் பெயர்களை முக்காற்புள்ளியால் பிரித்து வரிசையாகச் சேமிக்கும் மாறி ஒன்றும் அதில் இருந்தது. மாணவியின் பட்டியலில் மூன்றாவது இடத்தில் இருந்த ஓப்பன் எம்.பி.ஐ., இவருடைய பட்டியலில் முதல் இடத்தில் இருந்தது. அதே நான்கு பெயர்கள்தான், அவை நின்ற இடம்தான் வேறு.

அது எங்கிருந்து வந்தது என்று அவரிடம் கேட்டபோது அவருக்கும் நினைவில்லை. உள்நுழையும்போது ஷெல் படிக்கும் அவருடைய ‘பாஷ்-ஆர்.சி.’ கோப்பைத் திறந்து பார்த்தோம். மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், தானே எழுதிய ஒரு சிறு நிரலைக் கட்டுவதற்காக, உள்நுழையும்போதெல்லாம் ஓப்பன் எம்.பி.ஐ. ஏறும்படி ஒரு வரி எழுதிவைத்திருந்தார். “அந்த நிரலையே இப்போது பயன்படுத்துவதில்லை, சார்” என்றார். கிளஸ்டரின் ஜாப் வரிசையை நிர்வகிக்கும் ஸ்லர்மில் ஜாப்பை அனுப்பப் பயன்படும் ‘எஸ்பேட்ச்’ கட்டளை, வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், அனுப்புகிறவரின் ஷெல்லில் அந்த நேரத்தில் இருக்கும் சூழல் முழுவதையும் ஜாப்புக்குள் எடுத்துச்செல்லும். அப்படி ஓப்பன் எம்.பி.ஐ. முன்கூட்டியே ஏறியிருந்த சூழலில் லாம்ப்ஸ் ஏறியபோது, இன்டெல் எம்.பி.ஐ. அதற்கு முன்னால் போய் நின்றது. பகுத்தாய்வுத் தொகுப்பு ஓப்பன் எம்.பி.ஐ.யைக் கேட்டபோது, ‘அது ஏற்கெனவே ஏறியிருக்கிறது’ என்று மாட்யூல் கட்டளை எதையும் செய்யாமல் விட்டுவிட்டது. தொடங்கி இன்டெலுடையதாகவே இருந்தது. ஆகவே மூத்தவரின் ஜாப் சரியாக ஓடியதற்குக் காரணம், அவருடைய கணக்கில் மறந்துபோய்க் கிடந்த ஒரு பழைய வரி. மாணவியின் கணக்கு புத்தம் புதிது, துடைத்துவைத்ததுபோல் சுத்தமானது. அதனாலேயே அது பிழைபட்டது.

பெயர் சொல்லாமல் விட்டது

மேலே சொன்ன அனைத்துக்கும் வேர் எங்கள் பக்கம் இருந்தது. மூத்த மாணவர் அந்த ஸ்கிரிப்டை எழுதிய காலத்தில் கிளஸ்டரில் ஒரே ஒரு லாம்ப்ஸ்தான் இருந்தது. 2021 செப்டம்பர் 29 வெளியீடு, 20210929 என்ற பெயரில், ஓப்பன் எம்.பி.ஐ.யோடு கட்டப்பட்டது. பகுத்தாய்வுத் தொகுப்புக்கும் அதற்கும் எந்த முரணும் இல்லை. பிறகு 2023 ஆகஸ்ட் 2 வெளியீட்டை இன்டெலின் ஒன்-ஏ.பி.ஐ. கம்பைலரோடும் (மூல நிரலை ஓடக்கூடிய நிரலாக மாற்றும் கருவி) இன்டெல் எம்.பி.ஐ.யோடும் கட்டி, 20230802 என்ற பெயரில் நாங்கள் பக்கத்தில் வைத்தோம். பதிப்பெண் சொல்லாமல் ஏற்றினால் எதை எடுப்பது என்று ஒரு கோப்பில் குறித்துவைத்திருக்கலாம். நாங்கள் குறிக்கவில்லை. குறிக்காதபோது பெயர் வரிசையில் உயர்ந்து நிற்பதை மாட்யூல் கட்டளை எடுத்துக்கொள்ளும். யாரும் முடிவெடுக்காமலேயே, ஒரு பராமரிப்பு நாளின் மாலையில், நூற்றுக்கணக்கான ஸ்கிரிப்டுகளின் பொருள் மாறிப்போயிற்று.

அந்தப் பெயரிலும் குறை இருந்தது. 20230802 என்பது லாம்ப்ஸின் மூல நிரலுக்கான தேதி. எந்தக் கம்பைலர், எந்த எம்.பி.ஐ. என்பது அதில் இல்லை. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2012-இல் பொதுவில் வெளியான ஈஸிபில்ட் என்னும் மென்பொருள் கட்டும் கருவி, இதற்கு நல்ல வழி ஒன்றை வைத்திருக்கிறது. ஒவ்வொரு மாட்யூலின் பெயரிலும் அதைக் கட்டிய கருவித்தொகுதியின் பெயரைச் சேர்த்துவிடுகிறது. அத்தகைய கருவித்தொகுதியான ‘ஃபாஸ் 2023ஏ’ என்று பார்த்தவுடன் ஜி.சி.சி. கம்பைலர் 12.3.0, ஓப்பன் எம்.பி.ஐ. 4.1.5 என்று தெரிந்துகொள்ளலாம். லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் உருவான ஸ்பாக் என்னும் இன்னொரு கருவி, ஒரே நிரலை எத்தனை விதமாகக் கட்டினாலும் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளக் குறி தருகிறது. நாங்கள் ஸ்பாக்கைத்தான் பயன்படுத்தினோம். ஆனால் மாட்யூல் பட்டியல் நீளமாகத் தெரிகிறது என்று அந்தக் குறிகளைப் பெயரிலிருந்து வெட்டிவிட்டோம். பட்டியல் அழகாயிற்று. பயனருக்கு வேண்டிய செய்தி போய்விட்டது. இந்த முடிவை எடுத்தவர்களில் நானும் ஒருவன், அது தவறான முடிவு.

சரிசெய்தது

மாணவியின் ஸ்கிரிப்டைத் திருத்த ஐந்து நிமிடம் ஆகவில்லை. தொடக்கத்தில் ஏறியிருக்கும் அனைத்தையும் இறக்கும் ‘மாட்யூல் பர்ஜ்’, அடுத்து முழுப் பெயரோடு லாம்ப்ஸ் மாட்யூல், அதன் பின் ஏறியவற்றின் பட்டியலையும் எந்தத் தொடங்கி அகப்படுகிறது என்பதையும் வெளியீட்டில் அச்சிடும் இரண்டு வரிகள். கணிப்பு முடிந்ததும் மீண்டும் ஒரு ‘பர்ஜ்’, அதன் பிறகே பகுத்தாய்வுத் தொகுப்பு. இரண்டு எம்.பி.ஐ.களும் ஒரே நேரத்தில் ஒரே சூழலில் இருக்கவேண்டிய அவசியமே அந்த வேலையில் இல்லை. பெரிய ஜாப்பை அனுப்புவதற்கு முன்னால், ஓட்டத்தின் படிகளைச் சுழியமாக வைத்து லாம்ப்ஸை ஒருமுறை தொடங்கி, பெட்டி எப்படிப் பிரிக்கப்பட்டது என்ற வரியைப் பார்த்துக்கொள்ளும்படியும் சொன்னேன். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

அனுப்புகிறவரின் சூழல் ஜாப்புக்குள் வராமல் தடுக்க, ‘எஸ்பேட்ச்’ கட்டளைக்கு ஏற்றுமதி எதுவும் வேண்டாம் என்று சொல்லும் விருப்பு இருக்கிறது. அதை எல்லோருக்கும் பரிந்துரைக்கலாமா என்று எங்கள் குழுவில் விவாதித்தோம். நான் தயங்கியதற்குக் காரணங்கள் இரண்டு. அந்த விருப்பைக் கொடுத்தால், ஸ்லர்ம் ஜாப் ஓடும் கணுவில் பயனரின் உள்நுழைவுச் சூழலைத் தானே திரட்டிக் கொண்டுவர முயலும். அப்போது ‘பாஷ்-ஆர்.சி.’ வரிகள் வாசல் வழியே போய்க் கொல்லை வழியே திரும்பி வந்துவிடக்கூடும். இரண்டாவது, அதே விருப்பு ஜாப்புக்குள் ‘எஸ்ரன்’ கொண்டு தொடங்கும் படிகளுக்கும் தொற்றிக்கொள்வதால், ஸ்கிரிப்டில் ஏற்றிய மாட்யூல்கள் அந்தப் படிகளுக்குப் போய்ச் சேராமல் போகும். அதைத் தவிர்க்க ஸ்கிரிப்டில் இன்னொரு மாறியை மாற்றி எழுத வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இவ்வளவையும் விளக்குவதைவிட, ‘பர்ஜ்’ என்ற ஒரு சொல்லை முதல் வரியில் எழுதப் பழக்குவதே மேல் என்பது என் கருத்து. குழுவும் அதையே ஏற்றது.

மாட்யூல் கோப்புகளில் செய்த திருத்தம் அடுத்தது. ஓப்பன் எம்.பி.ஐ., இன்டெல் எம்.பி.ஐ. ஆகிய இரண்டின் கோப்புகளிலும் மற்றதோடு முரண் என்று ஒரு வரி சேர்த்தோம். முதலிலேயே இருந்திருக்க வேண்டிய வரி அது. ஆனால் அது மட்டும் போதவில்லை. அப்போது கிளஸ்டரில் இருந்தது சென்ட்-ஓ.எஸ். 7 என்னும் இயங்குதளம், அதோடு வந்த மாட்யூல் கட்டளையின் பதிப்பு 3.2.10. அந்தப் பதிப்பில் ஒரு மாட்யூல் ஏற மறுத்தால் பிழைச் செய்தி மட்டும் அச்சாகும், கட்டளை தோற்றதாக ஷெல்லுக்குத் தெரியாது. பிழை வந்தால் நின்றுவிடு என்று ஸ்கிரிப்டில் எழுதிவைத்தாலும் அது நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும். ஆகவே, ஏற வேண்டியவை உண்மையிலேயே ஏறியிருக்கின்றனவா என்று சரிபார்த்து, இல்லையென்றால் ஜாப்பை நிறுத்தும் சில வரிகளை மாதிரி ஸ்கிரிப்டில் சேர்த்தோம். பிரான்ஸின் அணுசக்தி ஆணையத்தைச் சேர்ந்த சேவியர் டெலாருவெலின் பொறுப்பில் 2017-இல் வெளியான 4-ஆம் பதிப்பிலிருந்து இந்தக் குறை நீங்கியிருக்கிறது. பழைய இயங்குதளத்தோடு வந்ததையே வைத்துக்கொண்டிருக்கும் கிளஸ்டர்களில் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

அடுக்குமுறை

சென்ட்-ஓ.எஸ். 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்ததால், இயங்குதளத்தை மாற்ற வேண்டிய வேளை வந்தது. அப்போது மாட்யூல் கட்டளையையும் எல்மாட்டுக்கு மாற்றினோம். டெக்சாஸ் மேம்பட்ட கணிப்பு மையத்தில் ராபர்ட் மெக்லே லுவா மொழியில் எழுதிய ஏற்பாடு அது. பழைய டிக்கிள் கோப்புகளையும் படிக்கும். அதில் நான் பெரிதாக மதிப்பது அடுக்குமுறையை. உள்நுழைந்ததும் கம்பைலர்களும் சில பொதுக் கருவிகளும் மட்டுமே பட்டியலில் தெரியும். ஒரு கம்பைலரை ஏற்றினால், அதனோடு கட்டிய நிரலகங்களும் எம்.பி.ஐ.களும் தெரியவரும். ஓர் எம்.பி.ஐ.யை ஏற்றினால்தான், அந்தக் கம்பைலர், அந்த எம்.பி.ஐ. இரண்டோடும் கட்டிய லாம்ப்ஸ் தென்படும். கம்பைலரை மாற்றினால், அதைச் சார்ந்த மாட்யூல்களை எல்மாட் தானே புதியவற்றுக்கு மாற்றிவிடும். மாற்றுக்கு எதுவும் இல்லையென்றால், செயலற்றது என்று குறித்துச் சொல்லும். எம்.பி.ஐ. என்று ஒரு குடும்பத்தை அறிவித்துவிட்டால், அதில் ஒன்றுக்கு மேல் ஒரே நேரத்தில் ஏற இடம் தராது. இந்த நிகழ்வில் நடந்தது அங்கே நடக்க வழியில்லை.

இதற்கு ஒரு விலையும் உண்டு. மாற்றிய முதல் மாதம் முழுவதும், “லாம்ப்ஸை எடுத்துவிட்டீர்களா?” என்று கேட்டு மின்னஞ்சல்கள் வந்தவண்ணம் இருந்தன. பட்டியலில் தெரியாதது இல்லாதது என்று எண்ணுவது இயல்புதானே. எங்கே எது இருக்கிறது, அதை அடைய எவற்றை முன்னால் ஏற்ற வேண்டும் என்று சொல்லும் ‘மாட்யூல் ஸ்பைடர்’ கட்டளையை உள்நுழைவு வாழ்த்திலேயே எழுதிவைத்தோம். இருந்தும், நேரில் வந்து கேட்டவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை செய்துகாட்டியதுதான் பலன் தந்தது. பதிப்பெண் இல்லாமல் லாம்ப்ஸை ஏற்றினால் இப்போதும் ஏதோ ஒரு பதிப்பு வரத்தான் செய்கிறது. அதைத் தடுத்துவிடலாம் என்பது என் விருப்பம். வகுப்பறைப் பயன்பாட்டுக்கு இடையூறாகும் என்று மற்றவர்கள் மறுத்ததால், எந்தப் பதிப்பு வரும் என்பதைக் குறிக்கும் கோப்பை எழுதிவைத்து, அதை மாற்றுவதற்கு இரண்டு வாரம் முன்னால் அறிவிப்பது என்று முடிவாயிற்று.

முன்பு சொன்ன முரண் வரிகளைச் சேர்த்தது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. மாணவியின் திருத்திய ஜாப் அன்றிரவு ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடி முடிந்தது. பதிவுக் கோப்பில் ‘3 பை 4 பை 4’ இருந்தது. திங்கள் காலை வந்த முதல் மின்னஞ்சல் மூத்த மாணவருடையது. இரண்டு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்ட், அனுப்பிய முதல் நொடியிலேயே நின்றுவிட்டதாகவும், இன்டெல் எம்.பி.ஐ.யும் ஓப்பன் எம்.பி.ஐ.யும் முரண்படுவதாக ஒரு செய்தியும், அதற்குக் கீழே லாம்ப்ஸ் என்ற கட்டளையே கிடைக்கவில்லை என்று இன்னொரு செய்தியும் வந்திருப்பதாகவும் எழுதியிருந்தார். ‘பாஷ்-ஆர்.சி.’ கோப்பிலிருந்த அந்தப் பழைய வரியை நீக்கும்படியும், மாணவியிடம் இருக்கும் புதிய ஸ்கிரிப்டை வாங்கிக்கொள்ளும்படியும் பதில் எழுதினேன். மதிய உணவுக்கு முன்னால் அவருடைய ஜாப் மறுபடியும் வரிசையில் நின்றது.